மெல்போர்னிலிருந்து மதுரை: பதினோரு மணி நேரம்

1

புதன்கிழமை காலை ஜெயமங்கலம் கோயிலில் இருந்தவர்கள் இவர்கள்.

என் தங்கை ஈஸ்வரி. அவள் புருசன் ராசு. ராசுவின் அக்கா பஞ்சவர்ணம். பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர் முத்தையா. எங்கள் பக்கத்து ஆளாகக் கம்பத்திலிருந்து வந்த சித்தப்பா. பெரியகுளத்து ஆசாரி. பூசாரி. உறவுமுறையில் எழுபது பேர் இருக்கும். எல்லாருக்கும் நடுவில் பட்டுப்பாவாடை கட்டி, மாலை போட்டு, காதில் ஒன்றும் இல்லாமல் ஈஸ்வரியின் மகள் கயல். அவளுக்கு ஆறு வயது.

காதுகுத்து அவளுக்கு. உட்கார வேண்டிய மடி என்னுடையது. நான் தாய்மாமன். நான் மட்டும் அங்கே இல்லை. சிங்கப்பூர் விமான நிலையத்தில் ஒரு நாற்காலியில் இருந்தேன்.

எப்படி அப்படி ஆனது என்று ஊரில் பலர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் இருக்கும் ஊர் மில்டூரா. மெல்போர்னிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரத்துக்கு மேல். திராட்சை விளைகிற ஊர். வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. என் மனைவி செல்வி நர்ஸ். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. நானும் மகன் ஹரியும் அவளோடு வந்தோம். ஹரிக்கு அப்போது ஏழு வயது.

எனக்குத் தெரிந்த வேலை கவாத்து ஒன்றுதான். திராட்சைக் கொடியில் எதை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்பது. கம்பத்தில் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து வெட்டினேன். கழுத்து வலிக்கும். இங்கே கொடி நெஞ்சு உயரத்தில் கம்பியில் ஓடுகிறது. இடுப்பு வலிக்கும். கம்பத்தில் கொடி தூங்காது. வருடத்துக்கு இரண்டு காய்ப்பு, சில தோட்டத்தில் மூன்று. இங்கே குளிர்காலத்தில் ஓர் இலை இருக்காது. முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு, தோட்டம் பட்டுப்போய்விட்டது, தண்ணீர் விடவில்லையா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஈஸ்வரிக்குக் கல்யாணம் முடித்துக் கொடுத்த அடுத்த வருடம் நான் விமானம் ஏறினேன். அவளுக்குப் பதின்மூன்று வருடம் பிள்ளை இல்லை. ஜெயமங்கலத்தில் ராசு வீட்டுக் கோயிலில் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிறந்தால் இதே இடத்தில், என் அண்ணன் மடியில் வைத்துத்தான் காது குத்துவேன் என்று. கயல் பிறந்தாள்.

வழக்கப்படி ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டும். அந்த வருடம் கொரோனா வந்து விமானம் ஓடவில்லை. அடுத்த வருடமும் அதே. அதற்கு அடுத்த வருடம் எனக்குத் தாள் சரியில்லை. செல்வியும் ஹரியும் இந்த நாட்டுக் குடிமக்கள். நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட். குடிமகன் ஆவதற்கு ஒரு பரீட்சை உண்டு. இங்கிலீஷில் எழுத வேண்டும். நான் போகவில்லை. என் மாதிரி ஆட்கள் வெளியே போய்விட்டுத் திரும்பி வர ஓர் அனுமதி வாங்க வேண்டும். அது முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்க ஏழு மாதம் ஆனது. பிறகு செல்விக்கு முதுகில் ஆபரேஷன். இப்படி ஆறு வருடம்.

பெண் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் மூளி என்று கூப்பிட்டன. காதில் ஒன்றும் இல்லாத பெண்ணை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு நாள் அவள் வேப்பங்குச்சியை ஒடித்துக் காதில் சொருகப் பார்த்திருக்கிறாள். ஓட்டை இல்லாத காதில் எப்படிப் போகும். ரத்தம் வந்திருக்கிறது. ஈஸ்வரி போனில் சொன்னாள்.

"அண்ணே, இனி எங்க பஞ்சவர்ண மதினி வாய அடைக்க முடியாது. இந்த ஆவணியில நீ வரலேன்னா முத்தையா அண்ணன் மடியில வச்சுக் குத்திருவாக. சொல்லிட்டாக."

"வருவேன்."

"எத்தன தடவ சொல்லீருக்க?"

"இப்ப வருவேன்."

3

லீவு கேட்டேன். கவாத்து முடிகிற நேரம். முதலாளி சரி என்றார். ஆனால் இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு ஃபாரம் உண்டு. ஆபீசில் இருக்கும் பெண் அதைக் கொடுத்தாள். குடும்ப அவசரம் என்று ஒரு கட்டம். அதில் யார் என்று டிக் அடிக்க வேண்டும். மனைவி, பிள்ளை, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர். தங்கை மகள் இல்லை. அடுத்த வரி, இறப்பா, நோயா.

அந்தப் பெண் மெல்ல, வருத்தமான குரலில், இறந்தது யார் என்று கேட்டாள். யாரும் இறக்கவில்லை, காது குத்துகிறோம் என்றேன். அதற்கு நீ எதற்கு என்றாள். என் மடியில் பிள்ளை உட்கார வேண்டும் என்றேன். இங்கே கடைத்தெருவில் இரண்டு நிமிடத்தில் குத்திவிடுவார்கள், உங்கள் ஊரில் அந்தக் கடை இல்லையா என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்டாள். சம்பளம் இல்லாத லீவு என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

டிக்கெட் ஹரி போட்டான். அவன் மெல்போர்னில் வேலை பார்க்கிறான். போனிலேயே ஒரு பக்கத்தைத் திறந்து படித்தான். மெல்போர்னுக்கும் மதுரைக்கும் எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம். விமானத்தில் பதினோரு மணி நேரம்.

எனக்கு ஆச்சரியம். கம்பத்திலிருந்து மெட்ராஸ் போகவே அந்த நேரம் ஆகும். உடனே ஈஸ்வரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பதினோரு மணி நேரம். அவள் ராசுவிடம் சொன்னாள். ராசு ஊருக்கே சொன்னான். அதை வைத்து நாள் பார்த்தார்கள். புதன்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை.

பிறகுதான் ஹரி சொன்னான், அது வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்த கணக்கு, அப்படி ஒரு விமானமே இல்லை என்று. சிங்கப்பூரில் இறங்கி மாற வேண்டும். இரண்டு வழி காட்டினான். ஒன்று, திங்கட்கிழமை கிளம்பி சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம் காத்திருப்பது. இன்னொன்று, செவ்வாய் காலை ஒன்பதுக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்தில் மாறுவது. அன்றைக்குச் சாயங்காலமே மதுரை.

"ஃபர்ஸ்ட் ஒன் எடுங்கப்பா. அதான் சேஃப்."

"ஒன்பது மணி நேரம் சும்மா உக்காரவா? ரெண்டாவதைப் போடு."

"லேட் ஆச்சுன்னா?"

"ஒரு மணி நேரம் எம்புட்டு நேரம் தெரியுமா. போடுடா."

போட்டான். தப்பு அவனுடையது இல்லை.

4

என் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஈஸ்வரிக்குக் கல்யாணம் ஆன புதிதில் அவளைப் பார்க்க மாதம் ஒரு தடவை ஜெயமங்கலம் போவேன். கம்பத்தில் ஏறினால் உத்தமபாளையம், சின்னமனூர், தேனி. தேனியில் இறங்கிப் பெரியகுளம் பக்கம் போகிற பஸ்ஸுக்கு மாற வேண்டும். கையில் திராட்சைப் பை. நான் இறங்கும்போது அந்தப் பஸ் பெரும்பாலும் கிளம்பியிருக்கும். ஓடுவேன். பஸ்ஸின் பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு. கண்டக்டர் விசில் கொடுப்பார். நிற்கும். இல்லையென்றால் ஓட்டத்திலேயே கம்பியைப் பிடித்து ஏறிக்கொள்வேன். கண்டக்டர் திட்டுவார். திட்டிக்கொண்டே டிக்கெட் கிழிப்பார். பஸ் மாற எனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தேவைப்பட்டதில்லை.

எங்கள் ஊரில் பிரயாண நேரம் என்றால் வண்டி ஓடுகிற நேரம்தான். ஸ்டாண்டில் நிற்கிற நேரத்தை யாரும் சேர்க்கமாட்டார்கள். கம்பம் தேனி ஒரு மணி நேரம் என்போம். அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றிருப்போம். அது கணக்கில் வராது. பதினெட்டு வருடம் இங்கே இருந்தும் அந்தக் கணக்கு என்னை விட்டுப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு ஒரு சக்கரம் மாற்றினார்கள். ஐம்பது நிமிடம் தாமதம். சிங்கப்பூரில் இறங்கும்போது மதுரை விமானத்துக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. பதினைந்து நிமிடம் போதும் என்று நினைத்தேன். ஓடினேன். சட்டைப் பையில் கயலுக்கு வாங்கிய தோடு. கையால் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நாற்பத்தெட்டு வயதில் அந்த ஓட்டம் பெரிய ஓட்டம். பாதி வழி தரையே நகர்ந்தது. அதன் மேலும் ஓடினேன்.

வாசலில் ஒரு பெண் நின்றாள். தமிழ்ப் பெண்.

"மூடியாச்சுண்ணா."

"அந்தா நிக்குதேம்மா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றது. சன்னலுக்குள் ஆட்கள் பை வைப்பது தெரிந்தது.

"நிக்கும்ண்ணா. ஆனா கதவு பூட்டியாச்சு. பத்து நிமிஷம் முன்னாடியே மூடிருவாங்க."

"ஒரு ஆளுதாம்மா. நின்னுக்கிட்டே கூட வருவேன்."

அவள் சிரிக்கவில்லை. என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். அடுத்தது நாளைக்கு இதே நேரம் என்றாள். அதில் இடம் போட்டுக் கொடுத்தாள். சாப்பிட ஒரு சீட்டும் கொடுத்தாள். வெளியே போகலாமா என்றேன். என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, விசா இல்லாமல் முடியாது, உள்ளேயே இருங்கள் என்றாள்.

விமானம் நகர்ந்தது. நான் கண்ணாடியைத் தட்டவில்லை. கை மட்டும் ஒரு தடவை எழுந்தது.

ஒன்பது மணி நேரம் வேண்டாம் என்றவன் இருபத்துநான்கு மணி நேரம் அங்கே இருந்தேன்.

5

புதன்கிழமை சிங்கப்பூரில் மதியம் பன்னிரண்டு. ஊரில் ஒன்பதரை. ராசு வீடியோவில் கூப்பிட்டான். முதலில் சித்தப்பா முகம் வந்தது. போனை நெற்றிக்கு மிக அருகில் பிடித்திருந்தார்.

"ஏலே பாண்டி, அங்கன என்னடா பண்ற?"

"உக்காந்திருக்கேன் சித்தப்பா."

"பதினோரு மணி நேரம்னு சொன்னியாம்ல. நேத்துக் காலையில கெளம்புனவன். ஏரோப்பிளேன் ரிப்பேரா?"

"இல்ல. போயிருச்சு."

"உன்னைய விட்டுட்டா?"

"ஆமா."

"கை காட்ட வேண்டியதுதான?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பஞ்சவர்ணத்தின் குரல் கேட்டது. அவள் மெதுவாகப் பேசிப் பழகாதவள்.

"நேரம் போகுது ஈசுவரி. ஆசாரி ஒன்பதுக்கே வந்து ஊசிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மாமன் மடிதான வேணும்? எங்க வீட்டுக்காரரும் அதுக்கு மாமன்தான். அவரு மடியில வச்சா ஓட்ட விழாதா?"

"நேந்துக்கிட்டது எங்க அண்ணன் மடிக்கு மதினி."

"உங்க அண்ணன் மடி வானத்துலல்ல பறக்குது."

"பறந்தாத்தான் பரவாயில்லயே," என்றார் சித்தப்பா. "பறக்காமல்ல உக்காந்திருக்கு."

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். ஈஸ்வரி சிரிக்கவில்லை. ராசு போனை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி வந்தான். வேர்த்திருந்தான்.

"மச்சான், கோவிச்சுக்கிறாதீக. எழுபது பேரு வந்திருக்காக. கறி வெந்துக்கிட்டிருக்கு. பத்தரைக்கு மேல நேரம் இல்ல. நான் சொன்னா இவ கேக்க மாட்டேங்கிறா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. முத்தையா மச்சான் மடியில வைக்கட்டும்னு உங்க வாயால சொன்னீகன்னா கேப்பா."

ஈஸ்வரி அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நீ சொல்லாத."

போனில் கயல் தெரிந்தாள். மாலை பெரிதாக இருந்தது. முழங்கால் வரை தொங்கியது. அவள் ஒரு பூவைப் பிய்த்துக் காதோரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. விழுந்தது. மறுபடி வைத்தாள்.

இன்னும் ஒரு வருடம் ஆனால் அவள் இரண்டாம் வகுப்பு. இன்னும் ஒரு வருடம் மூளி.

"ராசு, போன அங்கன திருப்பு," என்றேன். "முத்தையா அண்ணே."

அவர் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குறைவாகப் பேசுகிற மனிதர். நெல் வயலும் வீடும்தான் அவருக்கு. நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுப்பா."

"நீங்க மடியில வச்சுக்கங்க. நேரத்துக்குக் குத்திருங்க."

ஈஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஞ்சவர்ணம், "அம்புட்டுத்தான, சொல்லீட்டாருல்ல, எந்திரிங்க," என்று புருசனைக் கிளப்பினாள்.

முத்தையா எழுந்திருக்கவில்லை.

"நான் வைக்க மாட்டேன்," என்றார்.

"என்னது?"

"ஆறு வருசம் பொறுத்தாச்சு. ஒரு நாள் பொறுக்க முடியலையா? நாளைக்கு வியாழன். பத்தரைக்கு மேல நல்ல நேரம். ஆசாரிக்கு நாளைக்கும் கை இருக்கும்ல."

"கறி வெந்துருச்சுங்க!"

"வெந்தா இலையப் போடு. கறி வாயிக்கு. காதுக்கு இல்ல."

பஞ்சவர்ணம் என்னென்னவோ சொன்னாள். அவர் பூசாரியைப் பார்த்து, மாலையைக் கழற்றி அம்மன் காலடியில் வைத்துவிடும்படி சொன்னார். எழுபது பேரும் சாப்பிடப் போனார்கள். வந்த காரியம் நடக்காமல் சாப்பிட்டது அவர்களுக்கு முதல் தடவையாக இருக்கும். சித்தப்பா போனை மறுபடி நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"ஏலே, நாளைக்காச்சும் கை காட்டி ஏறீருடா."

அன்றைக்கு வாசல் திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் முதல் ஆளாக நின்றேன்.

6

மதுரையில் இறங்கியபோது ஐந்தரை. ராசு காரோடு வந்திருந்தான். "பதினோரு மணி நேரமா மச்சான்?" என்றான். பிறகு உசிலம்பட்டி வரை எதுவும் பேசவில்லை. ஆண்டிபட்டியில் டீ வாங்கிக் கொடுத்தான். அப்போது கோபம் இல்லை.

வீட்டில் ஈஸ்வரி தலைவாசலில் நின்றாள். "எளச்சுட்ட," என்றாள். பதினெட்டு வருடத்தில் நான் ஊருக்கு வந்தது இது மூன்றாவது தடவை. கயல் பிறந்த பிறகு முதல் தடவை. அவள் கதவுக்குப் பின்னால் இருந்தாள். கூப்பிட்டேன். வரவில்லை.

"மாமா கிட்டப் போ ஆத்தா. போன்ல தெனம் பேசுவீல்ல," என்றாள் ஈஸ்வரி.

"அது சின்ன மாமா," என்றாள் கயல். "இது பெருசா இருக்கு."

போனில் பார்த்து வளர்கிற பிள்ளைகள் இப்படித்தான். மாமாவின் படம் தெரியும். மாமா வந்து நின்றால் தெரியாது. பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

வியாழன் காலை கோயிலில் பத்துப் பேர்கூட இல்லை. பஞ்சவர்ணமும் வந்தாள். எனக்குப் பலகை போட்டவள் அவள்தான். "உக்காருங்க. இதுக்குத்தான எட்டாயிரம் மைலு," என்றாள். கிலோமீட்டர் என்று நான் திருத்தவில்லை.

வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முட்டி மடங்கவில்லை. சித்தப்பா அமுக்கிவிட்டார். ஹரி மெல்போர்னிலிருந்து கூப்பிட்டான். அவனாகக் கூப்பிடுவான் என்று நான் நினைக்கவில்லை. அங்கே பிற்பகல் மூன்று. வேலை நேரம். "நானும் பாக்குறேன்பா," என்றான். ராசு போனை உயர்த்திப் பிடித்தான்.

ஈஸ்வரி கயலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். கையில் ஒரு வெல்லக் கட்டி கொடுத்தாள். கயல் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டாள். முதுகு என் நெஞ்சில் படவில்லை. நடுவில் ஒரு கை அளவு இடம் இருந்தது. தோட்டை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தேன். அவர் அதை மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்தார். காதில் புள்ளி வைத்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்து, அழித்துவிட்டு மறுபடி வைத்தார். அவசரப்படுகிற மனிதர் இல்லை.

"மாமா," என்றாள் கயல். என்னைப் பார்க்காமல்தான் கேட்டாள். "வலிக்குமா?"

"வலிக்கும்."

"எம்புட்டு நேரம்?"

நேரம் பற்றி நான் இனி யாருக்கும் சொல்வதாக இல்லை. "தெரியல ஆத்தா," என்றேன்.

வலது காது. அலறினாள். வெல்லம் விழுந்தது. தலையைப் பின்னால் சாய்த்து என் நெஞ்சில் மோதினாள். அப்போதுதான் அந்த இடம் மூடியது. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் பல்லை என் முழங்கையில் வைத்தாள். கடித்தாள். இடது காது. ஆசாரி திருகாணியை முடுக்கினார். "முடிஞ்சது தாயி."

கை தளர்ந்ததும் இறங்கி ஓடினாள். நேராக முத்தையாவிடம் போனாள். அவர்தான் தினமும் அவளை மொபெட்டில் பள்ளிக்கூடம் கொண்டு விடுகிறவர் என்று ஈஸ்வரி பிறகு சொன்னாள். அவர் மடியில் ஏறி, அவர் துண்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவருடைய போனை வாங்கி அதில் தன் காதைப் பார்த்தாள். பிறகு அழவில்லை.

முத்தையா என்னைப் பார்த்தார். எழுந்து வந்து பிள்ளையை மறுபடி என்னிடம் கொடுக்கப் பார்த்தார். வேண்டாம், இருக்கட்டும் என்று கையைக் காட்டினேன். ஈஸ்வரி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மனுக்கு விளக்குப் போடப் போனாள். மூன்று தரம் சுற்றி வந்து கும்பிட்டாள். அவள் முகத்தை நான் பதினெட்டு வருடமாக அப்படிப் பார்த்ததில்லை.

ஹரி போனை வைத்துவிட்டிருந்தான். கயல் என் மடிக்கு வருவதற்குச் சற்று முன் கூப்பிட்டவன், அவள் இறங்கி ஓடியதும் வைத்திருக்கிறான். ராசு போனை என்னிடம் கொடுத்தான். பேசிய நேரம் அதில் இருந்தது.

ஏழு நிமிடம், நாற்பது விநாடி.